நோய்க்காலத்தில் உணவு வங்கி வேலை: பாலக்காட்டு எல்லை ஊர்க்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேன்பதி, வடகரப்பதி, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. கொரோனா போலவோ நிபா போலவோ ஒரு நோய் வந்து, வார்டை அடைத்து, ஆட்களை வீட்டோடு இருக்கச் சொன்னால் அரிசி பருப்பு கட்டிக் கொடுக்கும் வேலைக்கு வருகிறவர்களுக்கானது.

கம்யூனிட்டி கிச்சன் இருக்கிறதே, உணவு வங்கி எதற்கு?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் கேரளத்தில் பஞ்சாயத்துகளும் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுயஉதவிக் குழுக்களும் சேர்ந்து கம்யூனிட்டி கிச்சன் நடத்தின. அது சமைத்த சோறு. அடுப்பு இல்லாதவர், தனியாக இருக்கும் வயசானவர், லாட்ஜில் மாட்டிக்கொண்டவர் ஆகியோருக்கு அதுதான் சரி. அடுப்பு எரியும் வீட்டுக்குத் தினம் மூன்று வேளை பொட்டலம் கொண்டு போவது வீண் அலைச்சல், அத்தனை முறை ஆளும் நடமாட வேண்டும். அந்த வீடுகளுக்கு வாரம் ஒருமுறை சாமான் போனால் போதும். உணவு வங்கியின் வேலை அதுதான்.

எனக்கு சர்க்கரை வியாதி இருக்கிறது, வயது 61. வரலாமா?

கூட்டத்துக்கு நடுவே வேண்டாம். வீட்டில் இருந்தபடியே போனில் பட்டியல் எடுப்பது, எந்த வீட்டில் எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா, உப்பு குறைக்கச் சொன்னவர் உண்டா என்று கேட்டு எழுதுவது உங்கள் வேலை. அதற்குத்தான் எப்போதும் ஆள் குறைவு. மூட்டை தூக்க வருகிறவர்கள் தேவைக்கு மேல் இருப்பார்கள்.

கர்ப்பிணிகளும், ஆஸ்துமா உள்ளவர்களும், வீட்டில் டயாலிசிஸ் நோயாளி இருப்பவர்களும் சாமான் கட்டும் கூடத்துக்கு வரக்கூடாது. காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு இருந்தால் யாரும் வரக்கூடாது. "லேசான சளிதான்" என்று வருகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்ப ஒருவரை நிறுத்துங்கள், அதுவும் கொஞ்சம் கறாரான ஆளாக.

வருகிறவர்களை இரண்டு குழுவாகப் பிரியுங்கள். திங்கள், புதன், வெள்ளி ஒரு குழு. மற்ற நாள் இன்னொன்று. இருவரும் டீக்கடையில்கூட சந்திக்கக்கூடாது. ஒரு குழுவில் யாருக்காவது நோய் வந்தால் மற்றது வேலையைத் தொடரும். எல்லாரும் ஒன்றாக இருந்தால் ஒரே நாளில் கதவைப் பூட்ட வேண்டியதுதான்.

பெயர் எங்கே கொடுப்பது?

வார்டு மெம்பரிடமோ, ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷாவிடமோ கொடுக்கலாம். கேரள அரசின் தன்னார்வலர் படையான சன்னத்த சேனையில் பதிவு செய்தவர்கள் அந்த அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். போலீஸ் நிறுத்தினால் அட்டையும் அன்றைய வேலைப் பட்டியலும் இரண்டும் வேண்டும்.

ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு கட்டுவது?

கணக்கை நாட்களில் இருந்து தொடங்குங்கள். நிபா நோயாளியோடு பழகியவர்களைக் கேரளத்தில் 21 நாள் தனிமையில் இருக்கச் சொல்கிறார்கள். அதை மூன்று வாரமாகப் பிரித்து வாரம் ஒரு கட்டு கொடுப்பது நல்லது. மொத்தமாக இறக்கினால் சின்ன வீட்டில் வைக்க இடம் இருக்காது, எலி வரும், பக்கத்து வீட்டுக்கும் கண் உறுத்தும்.

பெரியவர் சின்னவர் சராசரியாக ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி. நாலு பேர், ஏழு நாள் என்றால் 8 கிலோ 400. 25 கிலோ மூட்டையை மூன்றாகப் பங்கிட்டால் 8 கிலோ 300 வரும்; அதுவே போதும். ரேஷனில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஆளுக்கு மாதம் 5 கிலோதான், அதாவது ஒரு நாளைக்கு 170 கிராம்கூட வராது. "ரேஷன் வாங்கியிருப்பார்களே" என்று குறைத்துவிடாதீர்கள்.

பருப்பு ஆளுக்கு 50 கிராம் கணக்கில் வாரத்துக்கு ஒன்றரை கிலோ: துவரம்பருப்பு, பாசிப்பயறு, கொண்டைக்கடலை ஒவ்வொன்றும் அரைக் கிலோ. எண்ணெய் மூன்று வாரத்துக்கும் சேர்த்து இரண்டரை லிட்டர். பாக்கெட் ஒரு லிட்டரிலும் அரை லிட்டரிலும்தான் வருகிறது என்பதால் முதல் வாரம் ஒன்று, இரண்டாம் வாரம் அரை, மூன்றாம் வாரம் ஒன்று. வாராவாரம் சர்க்கரை அரைக் கிலோ, டீத்தூள் 100 கிராம், புளி 200 கிராம், மிளகாய்த்தூள் 100, மல்லித்தூள் 100, கடுகும் சீரகமும் ஐம்பது ஐம்பது, குளிக்கிற சோப்பு ஒன்று, துவைக்கிற சோப்பு ஒன்று. உப்பு ஒரு கிலோவும் மஞ்சள்தூள் 100 கிராமும் முதல் வாரம் மட்டும். மூன்று வாரத்துக்கும் அது காணும். வாராவாரம் உப்பு கொடுத்து வீட்டில் மூன்று கிலோ உப்பு குவிந்து கிடப்பதுதான் எல்லா இடத்திலும் நடப்பது.

வெங்காயம் ஒன்றரை கிலோ, உருளை ஒரு கிலோ. இவை தனிப் பையில், கட்டுகிற அன்றே போக வேண்டும். அரிசியோடு சேர்த்துக் கட்டி இரண்டு நாள் வைத்தால் வெங்காயம் வியர்த்து, அரிசியில் ஈரமும் வாடையும் ஏறிவிடும்.

சானிட்டரி நாப்கின் பட்டியலில் எழுதியே இருக்கட்டும். கேட்டால் கொடுக்கலாம் என்று வைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

எந்த அரிசி?

இங்கேதான் நல்ல மனசு கெட்ட பெயர் வாங்கும். மட்டை அரிசி என்ற சிவப்புப் புழுங்கல் பாலக்காட்டுக்காரருக்கு உயிர், ஆனால் வேக நேரம் எடுக்கும். சிலிண்டர் தீரும் நிலையில் இருக்கும் வீட்டில் அது பாரம். தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் வெள்ளைப் புழுங்கல் கேட்பார்கள். கஞ்சிக்கோடு பக்கம் ஒடியா, பீகார், வங்காளத் தொழிலாளர்கள் தங்கும் லைன்களுக்கு மட்டை அரிசியைக் கொண்டு போனால் அப்படியே மூலையில் கிடக்கும். அவர்களுக்கு வெள்ளை அரிசியும் ஆட்டாவும், இரண்டு மடங்கு உருளைக்கிழங்கும், கிடைத்தால் கடுகெண்ணெயும். பட்டியல் எடுக்கும்போதே "என்ன அரிசி சாப்பிடுவீர்கள்" என்று ஒரு வரி கேட்டுவிட்டால் தீர்ந்தது.

கட்டுகிற வேலை எப்படி ஓடும்?

எட்டுப் பேர் இருந்தால் ஒரு முற்பகலில் 100 கட்டு போடலாம். அதற்கு 34 மூட்டை அரிசி வேண்டும். இரண்டு பேர் அரிசி நிறுக்க, ஒருவர் சில்லறைச் சாமான் எண்ண, மூன்று பேர் மேசை ஓரம் நின்று பையில் போட, ஒருவர் கடைசியில் எடை பார்க்க, ஒருவர் சீட்டு எழுத.

முதல் நாளே சில்லறையை முடியுங்கள். டீத்தூள், மஞ்சள், மிளகாய், மல்லி, கடுகு, சீரகம் ஆறையும் ஒரு காகிதக் கவரில் போட்டு வாயை மடித்து வையுங்கள். மறுநாள் மேசையில் ஆறு பொருளுக்குப் பதில் ஒரு கவர்தான் நகரும்.

அரிசி ஒரு துணிப்பை, மற்ற சாமான் இன்னொரு துணிப்பை. 13 கிலோவையும் ஒரே பையில் திணித்தால் கைப்பிடி தையல் பாதி வழியிலேயே பிரியும். முதல் வாரச் சாமான் பை கிட்டத்தட்ட 4 கிலோ 800 இருக்க வேண்டும். தராசில் 3 கிலோ 800 காட்டினால் உப்பு விட்டுப்போச்சு. 4 கிலோ 300 என்றால் சர்க்கரையோ ஒரு பருப்போ இல்லை. 100 கிராம் பொருள் விட்டுப்போனால் தராசு காட்டிக்கொடுக்காது, அதனால்தான் சில்லறைக் கவர் தனியாக எண்ணப்படுகிறது. ஐம்பது பை முடிந்ததும் மேசையில் மீந்ததை எண்ணுங்கள். இரண்டு புளிப் பொட்டலம் அதிகமாக இருந்தால் இரண்டு பையில் புளி இல்லை. பைகள் வண்டி ஏறும் முன் தேடுவது பத்து நிமிட வேலை. வீட்டுக்குப் போன பிறகு தேட முடியாது.

எண்ணெய் பாக்கெட்டை அடியில் போடாதீர்கள். மேலே உப்புப் பொட்டலத்தின் மூலை குத்தும்; ஒன்று ஒழுகினால் அடுக்கில் இருக்கும் அத்தனை பையும் நாசம். பருப்பு அடியில், சர்க்கரையும் உப்பும் நடுவில், எண்ணெய் மேலே ஒரு ஓரமாக நிமிர்த்தி, சில்லறைக் கவர் கடைசியில். சோப்பை செய்தித்தாளில் சுற்றி அரிசிப் பையின் வெளிப்பக்கம் கட்டுங்கள். டீத்தூளுக்குப் பக்கத்தில் சோப்பு ஒரு இரவு இருந்தால் டீயில் சோப்பு மணக்கும்.

தராசு விஷயம் ஒன்று. கவரை வைத்து பூஜ்யம் செய்யாமல் நிறுத்தால் ஒவ்வொரு பொட்டலத்திலும் கவரின் எடை அளவுக்குப் பொருள் குறையும். ஒரு கவரில் அது ஒன்றுமில்லை. நூறு பேருக்கு நிறுத்த பிறகு "கணக்கில் அரிசி மிச்சம் வருகிறதே" என்று தலையைச் சொறிவீர்கள்.

மலையாளம் தெரிந்தவர் ஒருவர், தமிழ் தெரிந்தவர் ஒருவர் சேர்ந்து நிற்கிறோம். சாமான் மாறிப் போகிறது. ஏன்?

இரண்டு மொழியிலும் ஒரே சொல் வேறு பொருளைக் குறிப்பதால். மூன்றை மட்டும் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

சர்க்கரை: நமக்கு வெள்ளைச் சீனி. மலையாளத்தில் 'சர்க்கர' என்றால் வெல்லம்; சீனிக்குப் 'பஞ்சசார'. "சர்க்கரை 50 கிலோ" என்று போனில் சொல்லிக் கடையில் இருந்து வெல்லம் வந்து இறங்குவது புதிதல்ல.

கடலை: நமக்கு வேர்க்கடலை. அவர்களுக்கு 'கடல' என்றால் கொண்டைக்கடலை. வேர்க்கடலை 'கப்பலண்டி' அல்லது 'நிலக்கடல'.

உள்ளி: ஒருவருக்குச் சின்ன வெங்காயம், இன்னொருவருக்குப் பூண்டு. பெரிய வெங்காயத்துக்கு 'சவாள', பூண்டுக்கு 'வெளுத்துள்ளி' என்று முழுசாகச் சொல்லுங்கள்.

பைக்குள் போடும் சீட்டை இரண்டு எழுத்திலும் அடியுங்கள்; வயசானவர்களில் ஒரு எழுத்து மட்டும் தெரிந்தவர்கள் நிறைய.

தோட்டத்துப் பழம், பதநீர், மாங்காய் எல்லாம் கொண்டு வந்து கொடுக்கிறார்கள். வாங்கலாமா?

நிபா என்றால் கவனம். அந்த வைரஸ் பழந்தின்னி வௌவாலிடம் இருந்து வருவது. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் வெடித்தபின் கேரளத்தில் அது பலமுறை திரும்பி வந்திருக்கிறது. வௌவால் கடித்த பழமும், வௌவால் வாய் வைத்த பானையில் இறங்கிய பச்சைக் கள்ளும் பதநீரும் ஆபத்து. சித்தூர் தாலுகா கள்ளுக்குப் பெயர்போன இடம் என்பதால் இது இங்கே வெறும் புத்தக எச்சரிக்கை இல்லை. திறந்த பானையில் இறக்கிய பதநீரை எவ்வளவு வேண்டப்பட்டவர் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

முதலமடை மாம்பழம் பெட்டி பெட்டியாக வரும். மரத்தில் இருந்து பறித்ததா, கீழே விழுந்ததா என்று கேளுங்கள். விழுந்தது வேண்டாம். பறித்ததையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள்: பல் பதிந்த இரண்டு குழி, பிராண்டின கோடு, கொத்தின ஓட்டை எது இருந்தாலும் அந்தப் பழத்தைக் கையுறையோடு எடுத்துக் குழியில் போட்டு மூடுங்கள். கெட்ட இடத்தை வெட்டிவிட்டு மீதியைக் கொடுப்பது கூடாது. மாட்டுக்கும் பன்றிக்கும் போடவும் கூடாது. கொய்யா, சப்போட்டா, ரம்புட்டானுக்கும் இதே விதி. பார்த்து எடுத்த பழத்தோடு "கழுவித் தோல் சீவிச் சாப்பிடவும்" என்று சீட்டு வையுங்கள்.

வேறு எதைத் திருப்பி அனுப்புவது: டின்னில் ஊற்றின சில்லறை எண்ணெய், வீட்டில் போட்ட ஊறுகாய், தேதி தெரியாத மசாலாத்தூள், உப்பின அல்லது நசுங்கின டின், பாக்கெட் பிரித்த எதுவும். கொடுக்க வந்தவர் மனம் வாடும்தான். "இதை ஒரு மூட்டை அரிசியாக மாற்றித் தர முடியுமா" என்று கேளுங்கள், பாதிப் பேர் சரி என்பார்கள்.

கைக்குழந்தைக்குப் பால் பவுடர்?

கொடுக்காதீர்கள். தாய்ப்பாலுக்கு மாற்றான பவுடரையும் பால் புட்டியையும் இலவசமாக விநியோகிப்பதை 1992ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது. சட்டத்தை விட்டாலும், கொதிக்காத தண்ணியில் கலக்கிய புட்டிப்பால் நோய்க்காலத்தில் வயிற்றுப்போக்கை வரவழைக்கும். பவுடர் அவசியமான குழந்தை என்றால் ஆஷா மூலம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அங்கன்வாடியில் அமிர்தம் நியூட்ரிமிக்ஸ் என்ற சத்துமாவு உண்டு. வீடு அடைபட்டிருந்தால் அங்கன்வாடி டீச்சரிடம் வாங்கி உங்கள் பையோடு சேர்த்து அனுப்பலாம்.

ப்ளீச்சிங் பவுடர் எவ்வளவு?

கடையில் கிடைக்கும் பவுடரில் 33 சதவீதம் குளோரின் இருக்கும் என்று வைத்துக்கொண்டால்: வாந்தி, கக்கூஸ், குப்பை வைத்த இடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணிக்கு 30 கிராம், அதாவது ஆறு தட்டைத் தேக்கரண்டி. மேசை, கதவுப்பிடி, தராசு போன்றவற்றுக்குப் பத்து லிட்டர் வாளிக்கு 30 கிராம். தெளிய விட்டு மேல் தண்ணியை எடுத்துத் துடையுங்கள், பத்து நிமிடம் விட்டு வெறும் தண்ணியில் இன்னொரு முறை துடையுங்கள். இல்லையென்றால் தராசுத் தட்டு துருப்பிடிக்கும். அன்றன்று கலக்க வேண்டும். வாய் திறந்து கிடந்த பவுடர் வெறும் சுண்ணாம்புதான், வாடை வராவிட்டால் தூக்கிப் போடுங்கள்.

வினிகர், ஆசிட், டாய்லெட் கிளீனர் எதோடும் கலக்காதீர்கள், நெஞ்சை அடைக்கும் வாயு வரும். சாமான் பை மேலோ காய்கறி மேலோ ஒருபோதும் தெளிக்காதீர்கள். 2020இல் பயத்தில் காய்கறியைச் சோப்புத் தண்ணியில் ஊற வைத்தார்கள். பாக்கெட் வழியாகக் கொரோனா பரவும் வாய்ப்பு மிகக் குறைவு என்று பிறகு தெரிந்தது. கை கழுவுவதுதான் முக்கியம்.

சானிட்டைசர் இருந்தால் சோப்பு வேண்டாம்தானே?

வேண்டும். அரிசித் தவிடும் எண்ணெயும் ஒட்டின கையில் சானிட்டைசர் வேலை செய்யாது. காலரா, வாந்திபேதி மாதிரி நோய் என்றால் சோப்பும் தண்ணியும்தான். சானிட்டைசர் டப்பாவை டீ போடும் அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள், குப்பென்று பற்றும்.

தனிமையில் இருக்கும் வீட்டுக்குக் கொண்டு போவது எப்படி?

அடைத்த பகுதிக்குள் நீங்கள் போகக்கூடாது. தடுப்பு வரை கொண்டு போய் வார்டின் ரேப்பிட் ரெஸ்பான்ஸ் டீமிடம் (அவசர உதவிக் குழு) ஒப்படைப்பதோடு உங்கள் வேலை முடிந்தது. அடைப்பு இல்லாத இடத்தில் தனிமையில் இருக்கும் வீடு என்றால் முதலில் போன் செய்யுங்கள். திண்ணையிலோ மதில் மேலோ பையை வைத்து, இரண்டு மீட்டருக்கு மேல் விலகி நின்று குரல் கொடுங்கள். அவர்கள் எடுப்பதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பார்க்காமல் வந்தால் நாயும் குரங்கும் எடுக்கும். காலிப் பை, பாத்திரம், காசு, கையெழுத்து எதையும் அங்கிருந்து வாங்காதீர்கள். வந்து சேர்ந்ததைப் போனிலேயே உறுதி செய்து உங்கள் கையால் பதிவேட்டில் எழுதுங்கள்.

பையில் வீட்டுப் பெயரோ நோயின் பெயரோ வேண்டாம், எண் மட்டும். தெருவில் "நிபா வீட்டுக்கு வந்த பை" என்று பேச்சு கிளம்பினால் அடுத்த வாரம் அந்த வீடு போனை எடுக்காது. பை கொடுக்கும் போட்டோவும் அப்படித்தான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு வேண்டுமானால் மூட்டையைப் படம் எடுங்கள்.

தமிழ்நாட்டு ரேஷன் கார்டு வைத்திருப்பவர் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். இங்கே அரிசி கிடைக்குமா?

முன்னுரிமை கார்டோ, மிக ஏழைகளுக்கான அந்தியோதயா கார்டோ என்றால், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் கேரள ரேஷன் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம். முன்னுரிமை இல்லாத தமிழ்நாட்டுக் கார்டுக்கு அங்கேதான் அரிசி, இங்கே கிடையாது. எல்லைக் குடும்பங்களில் இப்படிப்பட்டவர்கள் கணிசம், கடைக்காரர் திருப்பி அனுப்பியவர்களை உங்கள் பட்டியலில் முதலில் சேருங்கள். கேரளக் கார்டில் மஞ்சளும் பிங்கும் முன்னுரிமை. நீலம், வெள்ளை இல்லை. ஆனால் கார்டின் நிறத்தைப் பார்த்து உணவு வங்கிப் பையை மறுக்காதீர்கள். வேலைக்குப் போக முடியாத மூன்று வாரத்தில் வெள்ளைக் கார்டு வீட்டிலும் பானை காலியாகும்.

கல்யாண மண்டபத்தில் மீந்த சாப்பாட்டைத் தருகிறேன் என்கிறார்கள்.

மீந்த உணவை வாங்கி விநியோகிக்க 2019ஆம் வருட விதிமுறைகள் தனியே இருக்கின்றன. உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வேண்டும். பதிவு இருந்தாலும் 60 டிகிரிக்கு மேல் சூடாகவே வைத்திருந்த சோறா என்று கேளுங்கள். ஆறிக் கிடந்த சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமி விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. தேங்காய்ச் சட்னி, பாயசம், முட்டை வேண்டவே வேண்டாம்.

சரக்கு அறையில் என்ன கவனிக்க வேண்டும்?

மூட்டையைத் தரையில் வைக்காதீர்கள். ஒரு சாண் உயரப் பலகை மேல், சுவரில் இருந்து ஒரு முழம் தள்ளி. ஜூனில் மழை பிடித்தால் சுவரோரம் இருக்கும் மூட்டைதான் முதலில் பூசணம் பிடிக்கும். வந்த தேதியை மூட்டை மேல் பெரிதாக எழுதுங்கள். முதலில் வந்தது முதலில் போக வேண்டும். இல்லாவிட்டால் புது மூட்டை முன்னால் அடுக்கப்பட்டு, பின்னால் இருப்பது வண்டு விழுந்து கிடக்கும்.

எலிப் புழுக்கை கண்டால் துடைப்பத்தால் உடனே பெருக்காதீர்கள், தூசியாகப் பறக்கும். ப்ளீச்சிங் தண்ணி தெளித்து நனைத்து, பூட்ஸும் கையுறையும் போட்டுத் துடையுங்கள். காலில் புண் இருப்பவர் அந்த வேலைக்கு வேண்டாம். எலிக்காய்ச்சல் அப்படித்தான் ஏறும். அதைத் தடுக்கும் டாக்சிசைக்ளின் மாத்திரை சுகாதாரத் துறை தருவது, ஆஷாவிடம் கேட்டு அவர்கள் சொல்கிறபடி போடுங்கள். எலி கடித்த மூட்டையில் கடித்த பக்கம் மட்டும் அள்ளி எறிவது போதாது, முழு மூட்டையும் போக வேண்டும்.

அடைப்பு நீங்கிவிட்டது, ஒன்பது மூட்டை மிச்சம். என்ன செய்வது?

பிரிக்காத மூட்டையைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று வாங்கும்போதே பேசி வையுங்கள், பெரும்பாலும் எடுப்பார்கள். பிரித்ததைப் பட்டியலில் கடைசியாகச் சேர்ந்த வீடுகளுக்கு அந்த வாரமே கொடுத்து முடியுங்கள். பதிவேடும் பில்லும் வார்டு மெம்பரிடம் ஒரு நகல், உங்களிடம் ஒரு நகல். வீட்டு எண்ணுக்கு எதிரே பெயர் எழுதிய அந்த ஒரு தாளை மட்டும் கிழித்து எரித்துவிடுங்கள்.